துப்பறியும் கதைகளும் துப்புக்கெட்ட நாமும்

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள், வாலாஜா பெரிய பள்ளியில் அஸர் தொழுதுவிட்டுப் பாரதி சாலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். அதைப் பைகிராப்ட்ஸ் சாலை என்றே சொல்லிப் பழகிய நாவுகள் திருவல்லிக்கேணியில் இன்னும் சில இருக்கின்றன; எம் நாவும் அவற்றுள் ஒன்று. நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்த ஒரு கடையின் முன்னே, கல்லூரியில் படிக்கும் வயதுடைய நம் வீட்டுப் பெண்ணொருத்தி குந்தியமர்ந்து மாத நாவல்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ராஜேஷ்குமார் இரண்டு, பட்டுக்கோட்டை பிரபாகர் ஒன்று, சுபா ஒன்று என நான்கைத் தேர்ந்து மடியில் வைத்திருந்தாள். பக்கத்துக் கடைக்குச் சென்றிருந்த தகப்பனார் திரும்பி வந்தார்.

"சீ, வை கீழே! கொலைகாரன் கதையெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளை படிக்கிறதா?"

"இதுலே கெட்டது ஒண்ணும் இல்லே வாப்பா. யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான்."

"கண்டுபிடிச்சு நீ போலீசுலே சேரப் போறியா? எழுந்திரு."

பெண் எழுந்துகொண்டாள். நான்கு நாவல்களும் மீண்டும் நடைபாதைக்கே சென்றன. அதே தகப்பனார் சாலை முனையில் நின்று மாலைப் பத்திரிகை ஒன்றை வாங்கினார். தலை வேறு உடல் வேறாகக் கிடந்த யாரோ ஒரு பாவியைப் பற்றிய செய்தி அதன் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் கிடந்தது. அதை அவர் விரித்துப் படித்துக்கொண்டே நடக்க, மகள் பின்னால் சென்றாள்.

இக்காட்சியை நாம் கேலிக்காக எழுதவில்லை. அந்தத் தகப்பனார் நல்லவர். தம் பிள்ளையின் மனம் கெட்டுவிடலாகாதே என்று அஞ்சியவர். அவருடைய அச்சத்தை வளர்த்துவிட்டவர்கள் நாம், அதாவது இத்தகைய இலக்கிய ஏடுகளை நடத்துவோரும் அவற்றில் எழுதுவோரும். காவியம் பற்றி எழுதினோம். கிஸ்ஸா, முனாஜாத்து, மாலை, படைப்போர் பற்றி எழுதினோம். புதுக்கவிதை பற்றியும் தயங்கித் தயங்கி எழுதினோம். நம் வீட்டுப் பிள்ளைகள் தலையணைக்கடியில் வைத்துப் படிக்கும் புத்தகங்களைப் பற்றி மட்டும் ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறோமா? நல்லது இது, தள்ளத்தக்கது இது, இதில் நம்மைப் பற்றி இன்னவாறு பொய் சொல்லியிருக்கிறது என்று ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறோமா? சொல்லாமல் இருந்துவிட்டு, யாரோ ஒரு கதாசிரியர் நம்மைக் கள்ளக்கடத்தல்காரராகச் சித்திரித்துவிட்டார் என்று கண்டனத் தீர்மானம் மட்டும் நிறைவேற்றுகிறோம்.

துப்பறியும் கதை நமக்கு அயலூர்ச் சரக்கு என்று எண்ணுவோர் தாம் வாழும் தெருவின் வரலாற்றையே அறியாதவர். தமிழில் அவ்வகை நாவல் தழைத்த இடங்களுள் திருவல்லிக்கேணிக்குத் தனியிடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்து 'இராஜாம்பாள்' முதலான நாவல்களை எழுதினார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கிலக் கதாசிரியர்களைத் தமிழுடை உடுத்தி நடக்கவிட்டார். அவர்களை அடுத்து வந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1880–1942) இத்திருவல்லிக்கேணியில் வாழ்ந்தே எழுதிக் குவித்தவர். அவருடைய நாவல்களிலிருந்து 1935இல் 'மேனகா'வும் 1950இல் 'திகம்பர சாமியா'ரும் திரைப்படங்களாயின. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) 'ஜகன்மோகினி' ஏட்டை நடத்தியதும் இவ்வூரிலிருந்துதான். அவர் எழுதியவற்றுள் துப்பறியும் கதைகளும் உண்டு. பள்ளிக்கூடத்தில் முறையாகப் பயிலாத ஒரு வீட்டுப் பெண்மணி கொலையும் களவும் கலந்த கதைகளை எழுதி, தாமே பத்திரிகையும் நடத்தினார் என்பதை, மகள் கையிலிருந்து நாவலைப் பிடுங்கும் பெற்றோர் சற்று எண்ணிப் பார்க்கலாம். 1968இல் 'நைலான் கயிறு' எழுதி, வழக்கறிஞர் கணேஷைத் தமிழ் வாசகனின் வீட்டு மனிதராக்கிய சுஜாதா (1935–2008) வளர்ந்தது ஸ்ரீரங்கமானாலும் பிறந்தது இதே திருவல்லிக்கேணியில்.

தெருவின் மறுபாதியையும் மறந்துவிடலாகாது. 1927 முதல் கையெழுத்துப் பிரதியாகவே வெளிவந்து புகழ்பெற்ற 'முஸல்மான்' உருது நாளேட்டின் அலுவலகம் பெரிய பள்ளிக்கு அருகிலேதான். எம் இளமையில் உருது பேசும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இப்னே ஸஃபியின் நாவல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறோம். நண்பரின் பாட்டனார், ஐந்து வேளையும் ஜமாஅத்துடன் தொழுத பெரியவர், இஷாவுக்குப் பின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கர்னல் ஃபரீதியோடும் கேப்டன் ஹமீதோடும் உட்கார்ந்துவிடுவார். அலகாபாத்தில் 1952இல் 'ஜாசூஸி துனியா' வரிசையைத் தொடங்கிய இப்னே ஸஃபி (1928–1980), பாகிஸ்தான் சென்ற பிறகும் அதனை விடாது எழுதினார்; இம்ரான் வரிசை தனி. இரண்டிலும் தலைக்கு நூற்றுக்கு மேல். அக்காலத்தில் சந்தையில் மலிந்துகிடந்த ஆபாசக் கதைகளுக்கு மாற்றாக, விரசமின்றி எழுதியும் மக்களைக் கட்டிப்போட முடியும் என்று காட்டவே அவர் இத்துறைக்கு வந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. உருது இலக்கியத்தின் பெரும் திறனாய்வாளர் ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூக்கி, இப்னே ஸஃபியின் நாவல்கள் நான்கைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 2011இல் வெளிவந்தன. மீர் தகீ மீரின் கவிதைக்குப் பல பாகங்களில் உரை கண்ட அறிஞர் துப்பறியும் கதையை மொழிபெயர்க்க வெட்கப்படவில்லை. அந்த நூல்களை வெளியிட்ட பதிப்பகங்களுள் ஒன்றான பிளாஃப்ட் எங்கே இருக்கிறது? நம் சென்னையில்தான்.

அதே பிளாஃப்ட் 2008இல் தமிழ் மாத நாவல்களிலிருந்து ஒரு தொகுப்பை, பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. தமிழ்வாணன், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் எல்லோரும் அதில் இடம்பெற்றார்கள். உடனே ஆங்கில நாளேடுகள் விழித்துக்கொண்டு, ஆகா, தமிழில் இப்படியோர் உலகமா என்று வியந்து எழுதின. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்பது தேநீர்க்கடைக்காரருக்கும் பேருந்து நடத்துநருக்கும் தெரிந்திருந்தது. இலக்கிய ஏடுகளுக்குத் தெரிய ஆங்கிலப் புத்தகம் வரவேண்டியிருந்தது. இது தமிழ்ப் பத்திரிகை உலகம் முழுவதற்கும் பொதுவான குற்றம். அதில் நம் பங்கு பெரிது. ஏனெனில் மதிப்புரை இல்லாமையால் பிறருக்கு நேர்ந்தது சுவைக் குறைவு; நமக்கு நேர்ந்தது மானக் குறைவு.

வடுவூராரின் 'மேனகா'வையே எடுத்துக்கொள்வோம். அதில் செல்வந்தரான மரக்காயர் ஒருவர், வஞ்சகரால் விற்கப்பட்ட அபலைப் பெண்ணை விலைகொடுத்து வாங்குபவராக வருகிறார். நாவலைக் கேள்வியால் மட்டுமே அறிந்தவர் இதைச் சொல்லிக் கொதிப்பார். அதே நாவலில் அம்மரக்காயரின் துணைவியார் நூர்ஜஹான், கணவரின் கீழ்மையைக் கண்டு வெகுண்டு, அப்பெண்ணின் கற்பையும் உயிரையும் காக்கும் உத்தமியாக வருகிறார் என்பதைப் படித்தவரே சொல்ல முடியும். இரண்டையும் ஒருங்கே வைத்து, இவ்வாசிரியர் எங்கே ஊர்வாய்ப் பேச்சுக்கு இணங்கினார், எங்கே அதனை மீறினார் என்று காட்டியிருக்க வேண்டியது மதிப்புரையாளனின் வேலை. அதனை நாம் செய்யவில்லை. விளைவு என்ன? நல்ல நூர்ஜஹான் மறைந்துபோனார். கெட்ட மரக்காயர் மட்டும் தலைமுறை தலைமுறையாக வேடம் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கிறார்.

அவ்வேடங்களை வாசகர்கள் அறிவார்கள். முதலில் கடற்கரையில் பொன்கட்டி இறக்கும் பாய். பிறகு துபாயிலிருந்து தொலைபேசியில் ஆணையிடும் சேட். 1990களுக்குப் பின்னர் குண்டு வைப்பவர். மாத நாவல் வாசகனுக்குக் கதை தொடங்கிப் பத்துப் பக்கத்துக்குள் ஒரு முஸ்லிம் பெயர் வந்தால் இரண்டில் ஒன்று உறுதி: ஒன்று அவர் குற்றவாளி, அல்லது நாயகனுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டு நாட்டுப்பற்றைப் பற்றி ஒரு வசனம் பேசிவிட்டு மறைந்துபோகும் நல்லவர். சந்தேகத்துக்கு ஆளாகிக் கடைசியில் குற்றமற்றவர் எனத் தெளிவாகும் முஸ்லிம், கொலையுண்டவருக்காக அழும் முஸ்லிம், துப்புத் துலக்கும் முஸ்லிம் ஆகியோரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றைக் கண்டு பாராட்டவும் நமக்கொரு மதிப்புரைப் பகுதி இல்லை.

இதற்கு நாம் கண்ட மருந்து மறியல். 2012இல் 'துப்பாக்கி' திரைப்படத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினோம். சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013இல் 'விஸ்வரூபம்' வெளியீட்டுக்கு முன்னரே எதிர்ப்பு எழுந்து, தமிழக அரசு தடை விதித்து, பேச்சு நடந்து, சில இடங்கள் குறைக்கப்பட்டுப் பிப்ரவரி 7ஆம் நாள் படம் திரைக்கு வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். திரும்பத் திரும்பத் தன் பிள்ளையைத் திருடன் என்று சொல்லக் கேட்கும் தாய்க்குக் கோபம் வராதா? ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். சில நிமிடக் காட்சிகளை வெட்டினோம்; அதற்கு விலையாக, கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியாதவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டோம். இது நமக்கு மட்டும் நேர்ந்ததுமன்று. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடர் வேறொரு சமூகத்தாரின் எதிர்ப்பால் நின்றுபோய், பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' எனப் புதிதாக எழுதப்பட்டது. எதிர்ப்பு ஒரு கதையை நிறுத்தும். வேறொரு கதையை அது எழுதித் தராது.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் விருந்தில் இக்கருத்தைப் பேசியபோது, நாம் மதிக்கும் ஹஸரத் ஒருவர் மெல்லச் சிரித்தார். "ஜாசூஸ் வேலையைத் திருமறை தடுத்திருக்கிறதே தம்பி, சூரா ஹுஜுராத்தைப் பார்க்கலியா?" என்றார். பார்த்திருக்கிறோம். பிறர் குறையைத் துருவித் தேடுவதாகிய தஜஸ்ஸுஸை அந்த அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் தடுக்கிறது. அதே வசனம் ஊகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகச் சொல்கிறது. அதற்குச் சற்று முன்னே, ஆறாம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்று கட்டளையிடுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது என்ன? அண்டைவீட்டுச் சாளரத்தில் கண் வைக்காதே. வெறும் சந்தேகத்தை நம்பாதே. பழி ஒன்று வந்துவிட்டால் ஆராயாமல் விடாதே. செம்மையாக எழுதப்பட்ட துப்பறியும் நாவல் ஒவ்வொன்றும் இந்த மூன்றாவது வேலையைத்தானே செய்கிறது? ஊரார் ஊகத்தால் குற்றவாளி எனத் தீர்த்துவிட்ட ஒருவனைச் சான்றுகளால் மீட்பதுதானே அதன் ஆதி இலக்கணம்?

சூரா யூசுஃபை ஓதாத முஸ்லிம் வீடு உண்டா? அதில் இரண்டு சட்டைகள் வருகின்றன. ஒன்றில் பொய் இரத்தம். அதனைக் கண்ட தந்தை நபி யஃகூப் (அலை) அவர்கள் மக்களின் சொல்லை நம்பவில்லை. மற்றொன்று கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் பெண் சொல்வது மெய், பின்புறம் கிழிந்திருந்தால் யூசுஃப் (அலை) சொல்வது மெய் என்று அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவரே நெறி வகுக்கிறார், பார்க்கிறார்கள், பின்புறம் கிழிந்திருக்கிறது. தடயத்தைக் கொண்டு பழியைத் துடைத்த அந்த நிகழ்ச்சியைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் கண்கள் விரிவதைக் கண்டிருக்கிறோம். ஆயினும் அத்தடயத்துக்குப் பின்னரும் யூசுஃப் (அலை) அவர்கள் சிறைக்கே அனுப்பப்பட்டார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. சான்று ஒன்று, அதிகாரம் மற்றொன்று என்ற அந்தக் கசப்பை இக்காலக் குற்ற நாவலாசிரியர் எவரும் மிஞ்சிவிடவில்லை. ஐயம் இருக்குமிடத்தில் ஹத்துத் தண்டனையைத் தவிர்த்துவிடுக என்ற ஃபிக்ஹுச் சட்ட நெறியை ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், ஐயத்தின் பலன் யாருக்கு என்று கேட்கும் கதை எப்படி அந்நியமாகும்?

கதை மரபும் நம்மிடம் இல்லாததன்று. ஆயிரத்தோர் இரவுகளில் மூன்று ஆப்பிள்களின் கதை, ஆற்றில் கிடைத்த பெட்டியில் ஒரு பெண்ணின் சடலத்தோடு தொடங்குகிறது; மூன்று நாட்களில் கொலைகாரனைக் கொண்டுவராவிட்டால் உன் தலை போகும் என்று கலீஃபா ஹாரூன் ரஷீத் அமைச்சர் ஜாஃபரிடம் சொல்கிறார். தமிழ் மண்ணின் மாபெருங் காப்பியம் சிலப்பதிகாரமே, காணாமற்போன நகை ஒன்றுக்காக ஆராயாமல் கொல்லப்பட்டவனின் வழக்கு. மற்றொரு சிலம்பை உடைத்துக் காட்டும் கண்ணகியைவிடச் சிறந்த தடய நிபுணர் யார்? நம் காலத்துக்கு வந்தால், எகிப்தின் தவ்ஃபீக் அல்ஹகீம் 1937இல் ஒரு கிராமத்து அரசு வழக்குரைஞரின் நாட்குறிப்பாக எழுதிய நாவல், நஜீப் மஹ்ஃபூஸ் 1961இல் எழுதிய 'திருடனும் நாய்களும்', ஓரான் பாமுக் 1998இல் ஓவியர்களிடையே நடந்த கொலையை வைத்து எழுதிய 'என் பெயர் சிவப்பு' என அடுக்கிக்கொண்டே போகலாம். மஹ்ஃபூஸும் பாமுக்கும் நோபல் பரிசு பெற்றவர்கள் என்பதனால் இதைச் சொல்லவில்லை. தம் சமுதாயத்தின் குற்றத்தைத் தாமே எழுதியதால் அவர்கள் சமுதாயம் குறைந்துபோய்விடவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்னொன்றும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. விரல்ரேகையை வகைப்படுத்தி வைத்து வேண்டியபோது தேடி எடுக்கும் முறை, உலகக் காவல்துறைகளில் ஹென்றி முறை என்று ஓர் ஆங்கில அதிகாரியின் பெயரால் வழங்கிற்று. அதனை உண்மையில் வகுத்துக் கொடுத்தவர்கள் அவருக்குக் கீழே கல்கத்தாவில் பணியாற்றிய இரு இந்தியர்: காஜி அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ். முதல் விரல்ரேகைக் கூடம் 1897இல் கல்கத்தாவில்தான் அமைந்தது. அஜீஸுல் ஹக் கணித மாணவர். ரேகைகளைக் கணக்காக மாற்றி அறைகளில் பகுக்கும் வழி அவர் மூளையில் பிறந்தது. பிற்காலத்தில் கான் பகதூர் பட்டமும் ஐயாயிரம் ரூபாய் அன்பளிப்பும் கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொண்டது அரசு. 1952இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இராயபுரத்தில் கொல்லப்பட்டவரின் தலையற்ற உடல் பெட்டியில் அடைக்கப்பட்டு இரயிலில் மானாமதுரை வரை சென்றது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்தவர் இன்னாரென்று உறுதிசெய்ய உதவியது அவர் இராணுவத்தில் இருந்தபோது பதிந்திருந்த விரல்ரேகை. குற்றவாளியாகவே கதைகளில் வந்து வந்து களைத்துப்போன நம் பெயர்களுள் ஒன்று, குற்றவாளியைக் கண்டறியும் கலையின் அடித்தளத்தில் இருக்கிறது. இதை வைத்து ஒரு கதையாவது எழுதினோமா?

மாத நாவல்களெல்லாம் மாணிக்கங்கள் என்று நாம் சாதிக்க வரவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்தாலே வீட்டுக்குள் கொண்டுவரக் கூசும் நாவல்கள் எத்தனையோ. ஒவ்வொரு கதையிலும் ஓர் இளம்பெண்ணின் சடலம். அச்சடலத்தின் வருணனையில் ஆசிரியருக்கு ஒரு மகிழ்ச்சி. ஒரே இரவில் எழுதி முடித்ததன் அடையாளம் பக்கந்தோறும் தெரியும். தொண்ணூறாம் பக்கம் வரை பெயரே வராத ஒருவன் தொண்ணூற்றிரண்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வது வாசகனை ஏமாற்றுவதாகும். இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லத்தான் மதிப்புரை வேண்டும் என்கிறோம். சான்றுகளை வாசகன் கண்முன் நேர்மையாக வைத்தாரா? கொலையுண்டவரை ஒரு மனிதராக நினைக்கவைத்தாரா? காவலர் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வீரமென்று காட்டினாரா, வெட்கமென்று காட்டினாரா? ஒரு பெயரை, ஒரு தாடியை, ஒரு தெருவைக் காட்டியே குற்றத்தை நிரூபித்துவிட்டாரா? இக்கேள்விகளைத் திங்கள்தோறும் நான்கு நாவல்களிடம் கேட்டால் போதும். நம் வாசகர்களுக்கு மட்டுமன்றி அந்த ஆசிரியர்களுக்கும் ஒருநாள் அது போய்ச் சேரும். தம்மைப் படிப்பவர்களில் ஒரு பகுதியினர் இத்தெருக்காரர்கள் என்பது தெரிந்தாலே பேனா சற்றுத் தயங்கும்.

அந்தக் கேள்விகளின் கனத்தை நாம் கோயம்புத்தூரில் அறிந்தோம். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவரின் கொலை, அதையடுத்து முஸ்லிம்கள் மீது பாய்ந்த கலவரம், 1998 பிப்ரவரி 14இல் குண்டுவெடிப்புகள், 58 உயிர்கள். குற்றம் செய்தவரை நாம் ஒருபோதும் காப்பாற்றப் பேசவில்லை. அப்பாவிகளைக் கொன்றவன் எவனாயினும் மனித குலம் முழுவதையும் கொன்றவன் என்பது நம் மார்க்கம். ஆனால் அவ்வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2007இல் விடுதலையான அப்துல் நாசர் மதனியின் கதை, எந்தத் துப்பறியும் நாவலும் தொடாத கதை. மாத நாவலில் நூறாம் பக்கத்தில் நிரபராதி வெளியே வந்துவிடுகிறான். வாழ்க்கையில் நூறாம் பக்கம் வர ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளில் தெருக்களில் என்ன நடந்தது, வாடகைக்கு வீடு கேட்டுப் போனவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை எழுத யாரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

எழுதத் தெரியாத சமுதாயமா நாம்? தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை. குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவனின் மர்மத்தைச் சுற்றியே அக்கதை ஓடுகிறது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' முஸ்லிம் ஏடொன்றில் தொடராக வந்து 1988இல் நூலானது. ஊர்ப் பெரிய மனிதரின் அக்கிரமத்தை ஒளிக்காமல் சொன்ன நாவல் அது. குற்றக் கதைத் துறையிலேயே ஆர்னிகா நாசர் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அவருடைய மாத நாவல்களுக்கு நம் இலக்கிய ஏடுகளில் எத்தனை மதிப்புரைகள் வந்தன என்று கேட்டால் எம் தலை குனிகிறது.

இவ்விடத்தில் எம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், கீழக்கரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நால்வரோடு ஓர் அறையில் தங்கி, பகலில் கணக்கெழுதி, இரவில் கதை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குறுநாவலைக் கொண்டுவந்து எம்மிடம் தந்தார். வக்ஃபு நிலத்துப் பத்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்த முத்தவல்லி மர்மமாக இறந்துபோகிறார். மையித்தைக் குளிப்பாட்டப் போன முதியவர், கழுத்தின் பின்புறத்தில் ஒரு தடயத்தைக் காண்கிறார். சொல்லலாமா கூடாதா என்று அவர் தவிப்பதுதான் கதை. ஏனென்றால் மையித்தின் குறையை மறைப்பது கடமை என்று கற்றவர் அவர். ஒரே மூச்சில் படித்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அழைத்து, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வக்ஃபு விவகாரத்தை நாமே எழுதினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? சமுதாயத்தின் பேர் கெட்டுடுமே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அவர் வாதாடவில்லை. கையெழுத்துப் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு சலாம் சொல்லிப் போனார். ஆறேழு மாதங்களுக்குப் பின் அது ஒரு மாத நாவலாக வெளிவந்ததைக் கடையில் கண்டோம். முத்தவல்லி தர்மகர்த்தாவாகியிருந்தார். குளிப்பாட்டும் முதியவர் நீக்கப்பட்டுப் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் வந்திருந்தார், தவிப்பும் போயிற்று. கதை முழுவதிலும் ஒரே ஒரு முஸ்லிம் எஞ்சியிருந்தார்: கொலைக்குக் கூலி வாங்கும் கறிக்கடைக்காரர். அது மூலப் பிரதியில் இல்லாத பாத்திரம். வெளியிட்டவர் கேட்டுக்கொண்டதால் சேர்த்தேன் என்று பின்னாளில் அவர் எம்மிடம் சொன்னார். வெளியிட்டவரை ஏசுவதற்கு எமக்கு வாயில்லை. அவர் ஒரு முஸ்லிமைச் சேர்த்தார். அதற்கு முன்பே நாம் அத்தனை முஸ்லிம்களையும் வெளியே துரத்தியிருந்தோம்.

சமுதாயத்தின் பெயர் கெடும் என்ற அச்சத்தால் நம் வக்ஃபுச் சொத்துகள் பிழைத்தனவா? வளைகுடா விசா வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணத்தைச் சுருட்டிய ஏஜெண்டுகள் திருந்தினார்களா? வரதட்சிணைக் கொடுமையால் கிணற்றில் விழுந்த பெண்ணை, கால் தவறி விழுந்தாள் என்று ஊரே சேர்ந்து சொன்ன கதைகள் நமக்குத் தெரியாதா? இவற்றை எழுதுவது காட்டிக்கொடுப்பதென்றால், எழுதாமல் இருப்பது யாருக்குச் செய்யும் துணை? இறந்தவர் பக்கம் நின்று பேச நம்மில் ஒருவரும் முன்வராதபோது, அந்த இடத்தை எவரெவரோ வந்து நிரப்புவதைப் பற்றி எப்படிக் குறை சொல்வது?

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அந்த நண்பரைத் தேடிப் பிடித்தோம். இப்பொழுது அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. இவ்வூரிலேயே சிறியதொரு கடை வைத்திருக்கிறார். பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டோம்.

"எங்கே காக்கா, மேன்ஷனைக் காலி பண்ணும்போதே போயிடுச்சு. மனசுலே இருக்கு. எழுதித் தர்றேன். ஆனா அன்னைக்கு மாதிரி ஆகாதே? போடுவீங்களா?"

போடுவோம் என்று சொல்லியிருக்கிறோம். வாக்குறுதியை அச்சில் ஏற்றிவிட்டால் பின்வாங்க முடியாதென்பதால் இங்கே எழுதிவைக்கிறோம். அடுத்த திங்கள் முதல் இவ்வேட்டில் இரண்டு பக்கங்கள் குற்றக் கதைகளின் மதிப்புரைக்கு ஒதுக்கப்படும். நூலாசிரியர்களும் பதிப்பாளர்களும் இரண்டு பிரதிகள் அனுப்புவார்களாக. எம் சமயத்தார், பிற சமயத்தார் என்ற வேறுபாடு மதிப்புரையில் பார்க்கப்படமாட்டாது. வாசகிகளும் எழுதலாம். பாரதி சாலை நடைபாதையில் நான்கு நாவல்களைக் கீழே வைத்துவிட்டுப் போன பெண்மணி இதைப் படிக்க நேர்ந்தால், அவற்றுள் மூன்றை அன்றே வாங்கி வந்து எம் மேசைமேல் வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும். நான்காவதை எமக்கு முன்பே வேறொருவர் எடுத்துவிட்டார்.

நண்பரிடமிருந்து முதல் அத்தியாயம் நேற்று வந்தது. நீண்ட தாள்களில், கணக்கெழுதிப் பழகிய கையின் சிறிய எழுத்து. குளிப்பாட்டுகிற பெரியவர் சுபுஹுக்கு முன்னே எழுந்து வெந்நீர் வைக்கச் சொல்கிறார். கதவுக்கு வெளியே ஊர்ப் பெரியவர்கள், சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள்.